பழைய டஸ்டர் டீசல்: எஞ்சினை இறக்கச் சம்மதிக்கும் முன்

ரெனோ டஸ்டர் டீசலைப் பழையதாக வாங்கியவர்களின் புகார்கள் நாலைந்துதான். பிக்கப் இல்லை, கறுப்புப் புகை கக்குகிறது, காலையில் செல்ஃப் அடித்தால் உடனே எடுப்பதில்லை, ஆயில் குடிக்கிறது, ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது. இதற்குப் பல பட்டறைகளில் கிடைக்கும் பதில் ஒன்றே ஒன்று: "எஞ்சின் வேலை வந்துடுச்சு சார், இறக்கணும்." பெரும்பாலும் இது அவசரத் தீர்ப்பு. ஆயிலை ஒழுங்காக மாற்றி வந்த எஞ்சினென்றால் அதன் அடிப்பாகம் லேசில் போகாது. போவது அதைச் சுற்றியிருக்கும் ஹோஸ், பெல்ட், இன்ஜெக்டர், வாஷர் வகையறா.

2012இல் ஒரகடம் ஆலையிலிருந்து வரத் தொடங்கிய வண்டி இது. உள்ளே இருப்பது 1461 சிசி கே9கே எஞ்சின், குதிரைத்திறன் கணக்கில் 85 பி.எஸ்., 110 பி.எஸ். என இரண்டு வகை. பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகை விதி வந்த 2020 ஏப்ரலோடு டீசல் வகை நின்றுபோனது. இதே எஞ்சின் நிசான் டெரானோ, சன்னி, மைக்ராவிலும், மஹிந்திரா வெரிட்டோவிலும் உண்டு. வெரிட்டோ டாக்ஸியாக நிறைய ஓடியதால், டாக்ஸி வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக்குகளுக்கு இந்த எஞ்சின் அத்துப்படி. டஸ்டர் பெயரைக் கேட்டுத் தயங்குபவர்கூட வெரிட்டோ எஞ்சின் என்றால் கை வைப்பார்.

முதலில் பிக்கப். 110 பி.எஸ். வண்டி 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே மந்தமாகத்தான் இருக்கும். புது வண்டியிலும் அப்படித்தான். மூன்றாம் கியரில் 30 கி.மீ. வேகத்தில் மிதித்துவிட்டு இழுக்கவில்லை என்பவர் குறையைச் சொல்லவில்லை, வண்டியின் சுபாவத்தைச் சொல்கிறார். நகருக்குள்ளேயே ஓட்டுபவருக்கு 85தான் தோது. ஆனால் 2500ஐத் தாண்டியும் எழும்பவில்லை, கூடவே கறுப்புப் புகை என்றால் காற்று எங்கோ வெளியே போகிறது. டீசல் வழக்கம்போல் இறங்குகிறது, எரிக்கப் போதுமான காற்று இல்லை, மிச்சம் கரியாக வெளியேறுகிறது. காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்களைப் பாருங்கள். விரிசல் மேல்பக்கம் தெரியாது. அடிவளைவிலும் கிளாம்ப் ஓரத்திலும்தான் விடும். தூசி ஒட்டிய எண்ணெய்க் கறை இருந்தால் அதுதான் இடம். சோப்புத் தண்ணீர் தெளித்து, ஒருவர் 2500 ஆர்பிஎம்மில் பிடித்திருக்க, இன்னொருவர் ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் கை போகாமல் நுரை வருகிறதா என்று பார்க்க வேண்டும். நின்ற வண்டியில் டர்போ அழுத்தம் முழுதாக ஏறாது. அதனால் நுரை வரவில்லை என்பதற்காக ஹோஸ் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. கழற்றி, கையால் மடக்கிப் பார்த்தால்தான் நிச்சயம்.

110இன் டர்போவுக்குள் நகரும் இதழ்கள் உண்டு. அவற்றை அசைப்பது வேக்கம் ஆக்சுவேட்டர். அதற்குப் போகும் மெல்லிய குழாய் எஞ்சின் சூட்டில் காய்ந்து வெடித்தால் வண்டி செத்த மாதிரி ஓடும். குழாயை மாற்றினால் சரியாகிவிடும். எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போதும் அணைக்கும்போதும் ஆக்சுவேட்டர் கம்பி அசைகிறதா என்று பாருங்கள். குழாய் நன்றாக இருந்து, கையால் இயக்கும் வேக்கம் பம்பை நேராக மாட்டியும் கம்பி திக்கித் திக்கி நகர்ந்தால் இதழ்களில் கரி பிடித்திருக்கிறது. அப்போது டர்போவைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், புது டர்போ வாங்க வேண்டியதில்லை.

புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் இ.ஜி.ஆர் வால்வு கரி பிடித்துத் திறந்தே நின்றாலும் இதே அறிகுறிகள் வரும். ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஓடும்போது, உதறலும் சேரும். கழற்றி, கார்புரேட்டர் கிளீனர் அடித்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, புது கேஸ்கெட்டோடு மாட்டினால் போதும். தகடு வைத்து அடைத்துவிடலாம் என்பார்கள். அடைத்தால் எஞ்சினின் கம்ப்யூட்டர் கண்டுபிடித்து செக் எஞ்சின் லைட்டைப் போடும், அதை மறைக்க மென்பொருளில் கை வைக்க வேண்டும், நைட்ரஜன் ஆக்சைடும் கூடும். வேண்டாத வேலை.

ஸ்டார்டிங் ட்ரபிளில் காலையில் மட்டும் அடம்பிடிப்பது வேறு, சூடான எஞ்சினில் அடம்பிடிப்பது வேறு. இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் நீளமாகச் சுற்றி, ஒருமுறை எடுத்த பிறகு நாள் முழுக்கச் சரியாக ஓடினால் டீசல் குழாயில் காற்று புகுந்து, டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது. ஃபில்டர் மாற்றியபோது ஓ-ரிங் சரியாக உட்காராதது, பைப் கிளிப் தளர்ந்தது, கைப் பிரைமர் பல்பில் வெடிப்பு என்று காரணம் சின்னதாக இருக்கும். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே, டீசல் தாங்கும் ட்ரான்ஸ்பரன்ட் ட்யூபைத் தற்காலிகமாக மாட்டிப் பாருங்கள். குமிழ் தொடர்ந்து வந்தால் காற்று புகும் இடம் ட்யூபுக்கு முன்னால் இருக்கிறது.

சூட்டில் எடுக்கவில்லை என்றால் ஸ்கேனர் போட்டு, செல்ஃப் அடிக்கும்போது இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். ஆர்பிஎம் பூஜ்யத்திலேயே நின்றால் எஞ்சின் சுற்றை அளக்கும் கிராங்க் சென்சாரோ அதன் வயரோ. ஆர்பிஎம் காட்டி, ரெயில் பிரஷர் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் பொதுக் குழாயின் அழுத்தம்) ஏறவில்லை என்றால் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் அல்லது பம்ப். எதுவென்று தெரிய ரிட்டர்ன் டெஸ்ட் போதும்: மிச்ச டீசல் திரும்பும் ரிட்டர்ன் பைப்பை நான்கு இன்ஜெக்டரிலும் கழற்றி, ஒரே அளவுள்ள நான்கு பாட்டிலுக்கு ட்யூப் போட்டு, இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் ஓட்டுங்கள். எடுக்கவே எடுக்காத வண்டியில் செல்ஃப் அடித்தபடியே பார்க்கலாம். ஒரு பாட்டில் மட்டும் மற்றதைவிட இரண்டு மூன்று மடங்கு நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் உள்ளுக்குள் கசிகிறது. நான்கையும் மாற்றச் சொல்பவரிடம் முதலில் இந்த டெஸ்ட்டைக் கேளுங்கள். மாற்றும் இன்ஜெக்டரின் மேல் அச்சிட்ட குறியீட்டை ஸ்கேனர் வழியாக கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் விட்டால் புது இன்ஜெக்டரிலும் தட்டலும் புகையும் வரும், பழி இன்ஜெக்டர் மேல் விழும்.

பழைய பம்ப் வண்டிகளில் பழகியவர்கள், ஓடும் எஞ்சினில் இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி எந்த சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று பார்ப்பார்கள். இதுபோன்ற காமன் ரெயில் எஞ்சினில் இதைச் செய்யவே கூடாது. 1000 பாரைத் தாண்டக்கூடிய அழுத்தம். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், விரலையே எடுக்கும் நிலை வரலாம்.

இன்ஜெக்டர் அடியில் இருக்கும் செம்பு வாஷர் விட்டாலும் எஞ்சின் போய்விட்டது போலவே சத்தம் கேட்கும். பானட்டைத் திறந்தால் "சஃப் சஃப்" என்று காற்றுச் சத்தம், இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போலக் கெட்டியான கரி. தள்ளிப்போட்டால் அந்தத் தார் இறுகி, இன்ஜெக்டரைக் கழற்றுவதே பெரும்பாடாகிவிடும். கழற்றியபின் உட்காரும் இடத்தைக் கட்டர் டூலால் சமன் செய்து, புது வாஷர் போட வேண்டும். பழைய வாஷரைத் தீயில் காட்டித் திரும்பப் போடுவது வேலைக்கு ஆகாது.

இனி, ஓடிக்கொண்டே நின்ற வண்டி. இந்த எஞ்சினில் உண்மையில் பயப்பட வேண்டியது, பிஸ்டனையும் வால்வையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் டைமிங் பெல்ட்டுக்குத்தான். பெல்ட் அறுந்தாலோ பல் தாண்டினாலோ பிஸ்டன் வால்வை அடிக்கும், வால்வு வளையும், ஹெட்டைக் கழற்றியாக வேண்டும். கிலோமீட்டர் குறைவு என்று ஆறுதல் வேண்டாம். ரப்பருக்கு வயதும் ஒரு கணக்கு. மாற்றிய பில் கையில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, வாங்கியவுடன் போடுங்கள். பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றும் சேர்ந்தே மாற வேண்டும். இதில் வாட்டர் பம்பைச் சுற்றுவதே டைமிங் பெல்ட்தான். பம்ப் பேரிங் இறுகினால் புது பெல்ட்டும் போகும்.

பலர் விட்டுவிடுவது வெளியே ஓடும் ஆல்டர்னேட்டர் பெல்ட்டை. அது நைந்து நூல் நூலாகப் பிரிந்தால், அந்த நூல் கிராங்க் புல்லியின் பின்னால் இழுபட்டு டைமிங் கவருக்குள் போய், நன்றாக இருக்கும் டைமிங் பெல்ட்டைப் பல் தாண்ட வைக்கும். டைமிங் கிட் புதிதாகப் போட்ட சில மாதத்தில் எஞ்சின் போனது என்ற கதைகளில் இதற்கும் பங்குண்டு. அந்த பெல்ட்டையும் அதன் டென்ஷனரையும் அதே நாளில் மாற்றுங்கள். கிராங்க் புல்லியின் நடுவே ஓடும் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் புல்லியையும் சேர்த்து மாற்ற வேண்டும். பெயிண்ட் மார்க் வைத்துப் பெல்ட் மாட்டுபவரிடம் இந்த வண்டியைக் கொடுக்காதீர்கள். கிராங்கையும் கேமையும் பின் போட்டுப் பூட்டி, மாட்டியபின் பின்னை எடுத்துவிட்டு, எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, மறுபடி பின் உட்காருகிறதா என்று பார்ப்பதுதான் முறை.

ஆயில் விஷயத்துக்கு வருவோம். ஐரோப்பாவில் இந்த எஞ்சினுக்கு 30,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும் என்றிருந்த காலத்தில், கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்து போனதாக அங்கே புகார்கள் குவிந்தன. இங்கே 10,000 கி.மீ. கணக்கு என்பதால் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் இரண்டாம் கை, மூன்றாம் கையில் சர்வீஸ் தள்ளிப்போன வண்டிகளில் அதே நோய் வரும். ஆக்சிலேட்டரை லேசாகக் கொடுத்து விடும்போது அடியிலிருந்து "டொக் டொக்", சூடான ஐடிலில் ஆயில் லைட் மினுங்குவது ஆகியவை அறிகுறி. பழைய ஆயில் ஃபில்டரை அறுத்து, உள்ளே இருக்கும் பேப்பரை விரித்துப் பாருங்கள். செம்பு நிறத்தில் மினுமினுப்பு இருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். அடிச்சட்டியைக் கழற்றிப் பேரிங்கைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஆயில் குறைகிறது, நீலப் புகை வருகிறது என்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்தது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றுங்கள். உள்ளே லேசான எண்ணெய்ப் பசை இயல்பு. ஊற்றினால் வழியும் அளவுக்கு இருந்தால் டர்போ சீலையோ, எஞ்சினுக்குள் சேரும் வாயு வெளியேறும் ப்ரீதர் அடைத்திருப்பதையோ பார்க்க வேண்டும். இதை அலட்சியம் செய்தால் எஞ்சின் தன் ஆயிலையே எரிபொருளாக எரித்து, சாவியை எடுத்தாலும் அணையாமல் ஆர்பிஎம் ஏறிக்கொண்டே போகும் அபாயம் இருக்கிறது. அப்படி ஆனால் உயர் கியரைப் போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்து, கிளட்சைச் சட்டென்று விட்டு எஞ்சினை மடக்க வேண்டும். குறையாமல் ஆயில் அளவு ஏறினால் அதுவும் கெட்ட செய்திதான்: டீசல் ஆயிலில் கலக்கிறது. டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் தெரியும்.

சூடேறும் புகாரில் கூலண்டுக்குப் பதில் போர்வெல் தண்ணீர் ஊற்றிய வண்டிகள்தான் அதிகம். உப்பு படிந்து ரேடியேட்டர் அடைக்கும், தெர்மோஸ்டாட் ஒட்டும். ஹெட் கேஸ்கெட் என்று சொன்னால், ரிசர்வாயர் வாயில் வைத்துப் பார்க்கும் நீல திரவ டெஸ்ட்டைச் செய்யச் சொல்லுங்கள். எரிந்த வாயு கூலண்டில் இருந்தால் நீலம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஏழெட்டு எரர் கோடு வந்தால் எஞ்சினை விட்டுவிட்டு பேட்டரி, எர்த் வயர், எலி கடித்த வயரிங் மூன்றையும் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு எஞ்சினை இறக்குவதாக இருந்தால், அதற்கு முன் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் முடிந்திருக்க வேண்டும். குளிரில் ஸ்டார்ட் ஆகச் சூடேற்றும் க்ளோ ப்ளக்கின் துளை வழியாக, இன்ஜெக்ஷனைத் துண்டித்துவிட்டு, நல்ல பேட்டரியோடு எடுப்பது. க்ளோ ப்ளக்கை எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது மெதுவாகக் கழற்ற வேண்டும். முறிந்தால் அது தனிச் செலவு. நான்கு எண்களையும் எழுத்தில் வாங்குங்கள். நான்கும் கிட்டத்தட்ட ஒன்றாக, போதுமான அளவில் இருந்தால் ரிங், சிலிண்டர் போர் பேச்சுக்குப் பெரிதாக இடமில்லை. நான்கும் சேர்ந்து குறைந்தால் தேய்மானம் அல்லது பெல்ட் பல் தாண்டல்.

மூன்று ஒன்றாக இருந்து ஒன்று மட்டும் குறைந்தால் வால்வா, ரிங்கா, கேஸ்கெட்டா என்று பார்ப்பதோடு, சென்னை வண்டியாக இருந்தால் வெள்ளத்தையும் சந்தேகப்படுங்கள். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் நின்ற வண்டிகள் ஏராளம். தண்ணீர் ஏர் ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் போனபிறகு ஸ்டார்ட் செய்தால், தண்ணீர் அமுங்காது, ராடு வளையும். வளைந்த ராடு பிஸ்டனை முழு உயரத்துக்கு ஏற்றாது. அந்த சிலிண்டரில் மட்டும் கம்ப்ரஷன் குறையும். அப்படியும் வண்டி ஓடும், ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து ராடு முறிந்து பிளாக்கைப் பிளக்கும் வரை. ஏர் ஃபில்டர் பெட்டியின் அடிமூலை, சீட் பெல்ட்டை முழுதாக இழுத்தால் வரும் கடைசி அடி, ஸ்டெப்னி குழி, கார்ப்பெட்டுக்கு அடியில் உள்ள வயரிங் கனெக்டர் ஆகிய இடங்களில் வண்டல் கோடு தெரிகிறதா பாருங்கள். எல்லாம் கழுவிச் சுத்தமாக இருந்தாலும், அட்வான்ஸ் கொடுக்கும் முன் விற்பவரின் இன்ஷூரன்ஸ் பாலிசி எண்ணை வாங்கி, அவரை வைத்தே அந்த இரண்டு டிசம்பர்களுக்கும் க்ளெய்ம் விவரம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.