பழைய பாய்மரப் படகுக்கு பில்ஜ் மோட்டார்: கொடைக்கானல் ஷெட்டில் செய்து பார்த்தது

மாமா தூத்துக்குடியில் வைத்திருந்த 22 அடி ஃபைபர் பாய்மரப் படகை வத்தலக்குண்டு வழியாக லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இரண்டு வருடம் ஆகிறது. கொடைக்கானலில் வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட் போட்டு, கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை பார்க்கிறேன். தளம், சுக்கான், சன்னல் ஒழுகல் எல்லாம் முடிந்து, இந்த ஐப்பசி மழையில்தான் பில்ஜ் மோட்டாருக்கு வந்தேன். பில்ஜ் என்றால் படகின் அடிவயிறு. மழை, அலை, ஒழுகல் என்று எந்தத் தண்ணீர் உள்ளே வந்தாலும் கடைசியில் அங்கேதான் சேரும்.

மாமா காலத்தில் அங்கே இருந்தது ஒரு கைப்பம்பும் ஒரு பிளாஸ்டிக் வாளியும். கைப்பம்பு நல்ல பம்பு, அதைக் கழற்றவில்லை. ஆனால் படகில் ஆள் இல்லாதபோது தண்ணீர் ஏறினால் அது என்ன செய்யும்?

வாங்கியது 12 வோல்ட், 1100 கேலன் மோட்டார். மணிக்கு 1100 கேலன் என்றால் சுமார் 4,160 லிட்டர், நிமிடத்துக்கு 69 லிட்டர். இந்தக் கணக்கு எனக்கு முக்கியம், ஏனென்றால் நீர்மட்டத்துக்கு ஒரு அடி கீழே 25 மில்லிமீட்டர் ஓட்டை விழுந்தால் நிமிடத்துக்கு 40 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். 69 இருக்கிறதே, போதும் என்று நினைத்தேன்.

சரி, அளந்தே பார்த்துவிடலாம் என்று 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் ஐந்து வாளி தண்ணீரைப் பில்ஜில் ஊற்றி, கையில் கடிகாரத்தோடு சுவிட்சைப் போட்டேன். 100 லிட்டர் வெளியேற 2 நிமிடம் 50 நொடி. நிமிடத்துக்கு 35 லிட்டர்தான், பெட்டியில் போட்டிருந்ததில் பாதி! எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, மோட்டாரைக் குறை சொல்லாத. குழாயையும் வயரையும் பாரு" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. பெட்டியில் போடும் எண் தண்ணீரை மேலே தூக்காமல், குழாயே மாட்டாமல் அளந்தது. என் படகில் தண்ணீர் 1.2 மீட்டர் ஏற வேண்டும். நான் போட்டிருந்ததோ உள்ளே வரி வரியாக இருக்கும் சுருள் குழாய், ஒவ்வொரு வரியிலும் தண்ணீர் மோதித் தடுமாறும். வயர் 1 சதுர எம்எம். மோட்டார் 4 ஆம்பியர் இழுக்கிறது, பேட்டரியிலிருந்து 5 மீட்டர், போக வர 10 மீட்டர், வயரிலேயே 0.7 வோல்ட் போய்விடுகிறது. இரண்டரை சதுர எம்எம் போட்டால் 0.3 வோல்ட்டுக்குள் நிற்கும். மதுரையிலிருந்து வெள்ளீயம் பூசிய செம்பு வயரும், உள்பக்கம் வழவழப்பான குழாயும் வரவழைத்து மாற்றி, மறுபடி அதே ஐந்து வாளி. 2 நிமிடம் 5 நொடி, அதாவது நிமிடத்துக்கு 48 லிட்டர். அதே மோட்டார்தான்!

அடுத்த தொல்லை ஃப்ளோட் சுவிட்ச், அதாவது தண்ணீர் ஏறும்போது மிதவை எழுந்து மோட்டாரைத் தானாக ஓட்டும் சுவிட்ச். தண்ணீர் வடிந்ததும் மோட்டார் நின்றது, பத்து நொடியில் மறுபடி ஓடியது, நின்றது, ஓடியது. குழாயில் நின்ற தண்ணீர்தான் திரும்பி வருகிறது. 29 மில்லிமீட்டர் குழாய் 4 மீட்டர் நீளத்தில் இரண்டரை லிட்டருக்கு மேல் பிடிக்கும், என் பில்ஜோ ஒரு சாண் அகலம். அவ்வளவு தண்ணீருக்கே மிதவை எழுந்துவிடுகிறது. குழாயில் ஒருவழி வால்வு போட்டுப் பார்த்தேன். திரும்பி வருவது நின்றது, ஆனால் மோட்டாருக்குள் காற்று அடைத்துக்கொண்டு சத்தம் மட்டும் வந்தது, ஒரு சொட்டு வெளியே போகவில்லை. அன்றைக்கே கழற்றிவிட்டேன். இந்த வகை மோட்டாருக்கு ஒருவழி வால்வு வேண்டவே வேண்டாம்.

கடைசியில் இரண்டு மோட்டாராகப் பிரித்தேன். அடியில் 500 கேலன் சிறியது, 19 மில்லிமீட்டர் குழாய். அதில் திரும்பி வருவது ஒரு லிட்டர் சொச்சம்தான், மிதவையை 4 சென்டிமீட்டர் உயர்த்தியதும் அடங்கிவிட்டது. தினசரி ஊறும் தண்ணீரை அது பார்த்துக்கொள்ளும். பெரியது அதற்கு 15 சென்டிமீட்டர் மேலே, தனி மிதவை, தனி ஃப்யூஸ், தனி குழாய், கூடவே ஒரு பஸ்ஸர். பெரியது ஓடினாலே ஏதோ விபரீதம் என்று தெரிந்துவிட வேண்டும்.

மோட்டாரை உட்கார வைக்க அடியில் நேராகத் திருகு போடக் கூடாது, நாமே ஓட்டை போட்டதாகிவிடும். மரக்கட்டையை எபாக்ஸியில் ஒட்டி, அதில் திருகினேன். இங்கே குளிரில் எபாக்ஸி இறுக மூன்று நாள் ஆனது, மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டுக் காய வைத்தேன். குழாயை மேல்தளத்தை ஒட்டி ஒரு வளைவு ஏற்றி, பின்பக்கம் உயரத்தில் வெளியே விட்டிருக்கிறேன். படகு சாயும்போது வாய் தண்ணீரில் முங்கினால் கடல் உள்ளே இறங்கிவிடக் கூடாது, அதற்காக வளைவின் உச்சியில் ஒரு காற்றுத் துளையும் உண்டு. வயர் இணைப்பு எல்லாம் பில்ஜுக்கு மேலே, பசை உருகி ஒட்டும் ஸ்லீவுக்குள். மிதவை மூலம் மோட்டார்களைத் தானாக ஓட்டும் ஆட்டோ லைன் இரண்டும் மெயின் சுவிட்சைத் தொடாமல், ஃப்யூஸ் வழியாக நேரே பேட்டரிக்குப் போகின்றன. மெயினை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகுதானே அவை வேலை செய்ய வேண்டும்!

ரப்பர் சவ்வு அசைந்து தண்ணீரை இழுக்கும் டயாஃப்ரம் பம்பும் யோசித்தேன், அதைத் தண்ணீருக்கு வெளியே உலர்ந்த இடத்தில் வைக்கலாம். ஆனால் அது உறிஞ்சித் தூக்கும் வகை. கடல் மட்டத்தில் கணக்குப்படி 10 மீட்டர் வரை உறிஞ்சலாம் என்றால், 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைந்து 8 மீட்டர்தான். என் படகுக்கு ஒரு மீட்டர் போதும், அதனால் அது தடையில்லை, விலைதான் தடை.

போன வாரம் இரவு முழுக்க மழை. ஷெட் கூரைத் தண்ணீரைக் குழாயில் பிடித்துப் படகுக்குள் விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பனிமூட்டத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால் பில்ஜில் இரண்டு விரல்கடைத் தண்ணீர், அதில் சிறிய மோட்டாரின் வலைக்கூடையைச் சுற்றி நாலைந்து யூகலிப்டஸ் இலைகள் ஒட்டிக்கிடந்தன. பஸ்ஸர் அடிக்கவில்லை. இலைகளைப் பொறுக்கிவிட்டு, மீதியை ஸ்பாஞ்சில் ஒற்றி எடுத்தேன். மார்ச் மாதம் தூத்துக்குடிக்கு லாரி பேசியிருக்கிறது.