பூஜ்யம் என்று எழுதியிருந்த பில்

எங்கள் தொழிற்சாலையில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள், அந்த வேலைக்காக ஏஜெண்டுகளிடம் கட்டியிருந்த பணத்தை நிறுவனமே அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. கொடுத்து முடிக்கப் பதினாறு மாதம் பிடித்தது. மனிதவளப் பிரிவில் இருக்கும் நான்தான் அந்த வேலையை முதலிலிருந்து கவனித்தேன். எந்த நாடு, எந்த நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை. வெளிநாட்டு ஆட்களை நம்பி நடக்கும் எந்தத் தொழிலிலும் இது நடக்கலாம். இதே வேலை யார் தலையிலாவது விழுந்தால் உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்களிடம் பொருள் வாங்கும் நிறுவனம் அனுப்பிய ஆடிட் அறிக்கையில் மூன்று குறைகள் இருந்தன. தொழிலாளர்களின் பாஸ்போர்ட்டுகள் எங்கள் அலுவலக அலமாரியில் பூட்டி இருந்தன. பெரும்பாலானவர்கள் கடன் வாங்கி ஏஜெண்டுக்குப் பணம் கட்டிவிட்டு வந்திருந்தார்கள். ஓவர்டைம் அளவுக்கு மீறிப் போய்க்கொண்டிருந்தது. இவை கட்டாய உழைப்பின் அறிகுறிகள் என்று எழுதியிருந்தார்கள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. நாங்கள் மாதாமாதம் தேதி தவறாமல் சம்பளம் போடுகிறோம், விடுதியைச் சுத்தமாக வைத்திருக்கிறோம், யாரும் யார் மேலும் கை வைத்ததில்லை. இதற்கா அந்தப் பெயர்? அன்று இரவு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வகுத்திருக்கும் 11 அறிகுறிகளைத் தேடிப் படித்தேன். அடி உதை அதில் ஒன்றுதான். ஆவணங்களைப் பிடித்து வைப்பது, கடனால் கட்டுண்டு கிடப்பது, மிதமிஞ்சிய ஓவர்டைம், ஏமாற்றி அழைத்து வருவது, ஒருவருடைய கதியற்ற நிலையைப் பயன்படுத்திக்கொள்வது எல்லாமே அந்தப் பட்டியலில் இருந்தன. கட்டாய உழைப்பு என்பது தண்டனைக்குப் பயந்து, தானாக முன்வராமல் ஒருவர் செய்யும் வேலை என்று அந்த அமைப்பின் 1930ஆம் ஆண்டு உடன்படிக்கை சொல்கிறது. வேலையை விட்டால் வீட்டையே இழப்போம் என்கிற பயம் எந்தக் கணக்கில் வரும் என்று யோசித்தேன். தூக்கம் வரவில்லை.

பாஸ்போர்ட் விஷயம் ஒரே வாரத்தில் தீர்ந்தது. பாதுகாப்புக்காகத்தான் வைத்திருக்கிறோம் என்று நாங்கள் சொல்லி வந்தோம், நானும் அதை நம்பினேன். ஆளுக்கு ஒரு சிறிய லாக்கர் கொடுத்து, சாவியை அவர்கள் கையிலேயே கொடுத்ததும் பாதுகாப்பும் ஆயிற்று, பிரச்சினையும் முடிந்தது. திருப்பி வாங்கும்போது ஒருவர் தன் பாஸ்போர்ட்டைப் பிரித்து, புகைப்படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். வந்து இறங்கிய நாளுக்குப் பிறகு அதை அவர் பார்த்ததே இல்லை.

பணம் கட்டிய விஷயம் அப்படி இல்லை.

முதலில் பழைய கோப்புகளை எடுத்தேன். ஏஜெண்ட் எங்களுக்கு அனுப்பிய பில்களில் சேவைக் கட்டணம் என்ற வரிக்கு நேரே பூஜ்யம் போட்டிருந்தது. விமான டிக்கெட், மருத்துவப் பரிசோதனை, விசா என்று எல்லாவற்றுக்கும் பூஜ்யம். ஆள் எடுக்கப் போன எங்கள் மேலாளர்களின் பயணச் செலவைக்கூட ஏஜெண்டே ஏற்றிருந்தார். பல வருடங்களாக அந்த பில்களில் கையெழுத்துப் போட்டவள் நான். நூற்றுக்கணக்கான பேரைத் தேர்ந்தெடுத்து, பரிசோதித்து, விமானத்தில் ஏற்றி அனுப்பும் ஒருவர் நம்மிடம் ஒரு காசும் வாங்கவில்லை என்றால், அந்தச் செலவை யாரோ கொடுத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. விலை குறைவாக இருந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

அடுத்து விசாரணை. இதில் நாங்கள் செய்த முதல் தவறைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நானும் எங்கள் மொழிபெயர்ப்பாளரும் அலுவலக அறையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டோம். நாற்பது பேரும், ‘ஒன்றும் கட்டவில்லை, மேடம்’ என்றார்கள். ஒரே சொல், ஒரே தொனி. அந்த மொழிபெயர்ப்பாளர் ஏஜெண்ட் அமர்த்திய ஆள் என்பது அப்புறம்தான் உறைத்தது. விமானம் ஏறும் முன் எல்லோரையும் கேமரா முன்னால் நிறுத்தி, பணம் எதுவும் கொடுக்கவில்லை என்று சொல்ல வைத்துப் பதிவு செய்திருந்தார்கள். உண்மையைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று மிரட்டியும் இருந்தார்கள்.

பிறகு எங்களோடு தொடர்பே இல்லாத ஒரு குழுவை அமர்த்தினோம். தொழிலாளர்களின் தாய்மொழி பேசுகிறவர்கள், தொழிற்சாலைக்கு வெளியே, விடுமுறை நாளில், சிறு சிறு குழுக்களாகப் பேசினார்கள். யார் என்ன சொன்னார் என்ற விவரம் எங்களுக்கு வராது என்று எழுத்தில் உறுதி கொடுத்தோம். மூன்றாவது சந்திப்பில்தான் பேச ஆரம்பித்தார்கள். ஊரிலுள்ள தரகர் ஒரு பங்கு, அவருக்கு மேலே இருக்கிற சப்-ஏஜெண்ட் ஒரு பங்கு, தலைநகரத்து அலுவலகம் ஒரு பங்கு என்று ஒவ்வொரு படியிலும் பணம் போயிருந்தது. எட்டு மாதச் சம்பளம் முதல் ஒன்றரை வருடச் சம்பளம் வரை கட்டியிருந்தார்கள். நிலத்தை அடகு வைத்தவர்கள், மனைவியின் நகையை விற்றவர்கள், கந்துவட்டிக்கு வாங்கியவர்கள் இருந்தார்கள். மூன்று வருடம் எங்களிடம் வேலை பார்த்த ஒருவர் வட்டியை மட்டுமே கட்டி வந்திருந்தார். அசல் அப்படியே நின்றது.

எங்கள் ஆட்கள் தாங்களாகவே ஓவர்டைம் கேட்டு வாங்கிச் செய்வார்கள் என்று ஆடிட்டருக்குப் பெருமையாகச் சொன்னவள் நான். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

அந்த அறிக்கையை நிர்வாகத்திடம் வைத்தபோது முதல் கேள்வி, ‘நாம் வாங்காத பணத்தை நாம் ஏன் கொடுக்க வேண்டும்?’ என்பதுதான். நியாயமாகத் தோன்றும் கேள்வி. பூஜ்யம் போட்ட பில்லை மேசையில் வைத்தேன். ஆளை எடுப்பது நம் தேவை, அதற்கான செலவும் நம்முடையதுதான், அதை நம்மைவிட ஏழையானவர்கள் கட்டியிருக்கிறார்கள் என்றேன். இது என் சொந்தக் கருத்தும் இல்லை. வேலை தேடித் தரும் ஏஜென்சிகள் தொழிலாளியிடம் நேராகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு உடன்படிக்கை, 181ஆம் எண், சொல்கிறது. எவையெல்லாம் அந்தக் கட்டணத்தில் அடங்கும் என்பதை அதே அமைப்பு 2019இல் வெளியிட்ட வரையறை தெளிவாக்கியது. மருத்துவப் பரிசோதனை, பயிற்சி, பயணம், ஆவணச் செலவு எல்லாம் அதில் வருகின்றன.

நிர்வாகத்தை அசைத்தது ஆனால் வேறு ஒன்று. 2020 ஜூலையில் மலேசியாவின் பெரிய கையுறை நிறுவனம் ஒன்றின் சரக்கை அமெரிக்கச் சுங்கத்துறை உள்ளே விட மறுத்தது. கட்டாய உழைப்பில் உருவான பொருளை இறக்குமதி செய்யக் கூடாது என்பது அங்கே 1930இலிருந்தே சட்டம். அந்தத் தடை 2021 செப்டம்பரில்தான் நீங்கியது. அதற்குள் அந்த நிறுவனம் தொழிலாளர்களுக்கு 3 கோடி டாலருக்கு மேல் கொடுத்திருந்தது. ஐரோப்பிய ஒன்றியமும் 2024இல் இப்படி ஒரு சட்டத்தை நிறைவேற்றிவிட்டது, 2027 டிசம்பர் முதல் அது அமலாகிறது. இதைச் சொன்னதும் அறையில் பேச்சு அடங்கியது. அடகில் போன நிலங்களைப் பற்றிச் சொன்னபோது அடங்காத பேச்சு, சரக்கு நின்றுபோகும் என்றதும் அடங்கியது. அது இன்றும் எனக்கு வருத்தம்தான். ஆனாலும் பணம் தொழிலாளர்களிடம் போய்ச் சேர எந்தக் காரணம் உதவினாலும் அதைப் பயன்படுத்துங்கள் என்றே சொல்வேன்.

தொகையைக் கணக்கிட்டதுதான் நெடுநாள் இழுத்தது. ரசீது யாரிடமும் கிடையாது. பணம் கை மாறியது வீட்டுத் திண்ணையிலும் பேருந்து நிலையத்திலும். ஆதாரம் காட்டினால்தான் கொடுப்போம் என்று நாங்கள் நின்றிருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் போயிருக்காது. அதனால் ஒரே பகுதியிலிருந்து, ஒரே ஏஜெண்ட் மூலம், ஒரே ஆண்டில் வந்தவர்களை ஒரு குழுவாக வைத்துக்கொண்டோம். அவர்கள் தனித்தனியாகச் சொன்ன தொகைகள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக இருந்தன. குழுவில் பெரும்பாலானவர்கள் சொன்னதை அடிப்படைத் தொகையாக வைத்தோம். அதைவிடக் கூடுதலாகக் கட்டியதாகச் சொன்னவரிடம் காரணம் கேட்டு, பொருந்தினால் அவர் சொன்னதையே எடுத்தோம். கட்டிய நாளின் நாணய மதிப்பா, இன்றைய மதிப்பா என்பதில் ஒரு மாதம் போனது. தொழிலாளிக்கு எது சாதகமோ அது என்று முடிவானது. கடன் வட்டியைச் சேர்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். முழு வட்டியும் கிடைக்கவில்லை, ஒரு பகுதி கிடைத்தது. அதில் நான் தோற்றேன் என்றே நினைக்கிறேன்.

கொடுக்கும் முறையில் சில விஷயங்களில் கவனமாக இருந்தோம். பணம் தொழிலாளியின் சொந்த வங்கிக் கணக்குக்குத்தான் போனது, ஏஜெண்ட் வழியாக ஒரு காசும் போகவில்லை. சம்பளச் சீட்டில் தனி வரியாக, திருப்பிக் கொடுக்கும் கட்டணம் என்ற பெயரிலேயே காட்டினோம். போனஸ் என்று போடலாம் என ஒருவர் யோசனை சொன்னார். அது அவர்களுடைய பணம், நாம் மகிழ்ந்து கொடுக்கும் பரிசு இல்லை என்று மறுத்தோம். இத்தனை வருடம் இங்கேயே இருப்பேன், இனி உரிமை எதுவும் கோர மாட்டேன் என்பது போன்ற எந்தப் பத்திரத்திலும் கையெழுத்து வாங்கவில்லை. மூன்று தவணை. ஒரே தவணையாகக் கொடுத்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. முதல் தவணைக்கும் இரண்டாவதுக்கும் இடையில் ஊரிலிருந்த தரகர்கள் தொழிலாளர்களின் வீடுகளுக்குப் போய், பணம் வந்ததும் எங்கள் பங்கைக் கொடு என்று மிரட்டினார்கள். அதன் பிறகுதான் ஏஜெண்டுக்கு வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பினோம். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

முதல் தவணையைக் கொடுத்த வாரம், விடுமுறை நாள் ஓவர்டைமுக்குப் பாதிப் பேர் வரவில்லை. உற்பத்தி மேலாளர் என் அறைக்கு வந்து, காசு கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள் என்று கத்தினார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அவர்கள் விடுதி வாசலில் உட்கார்ந்து வீட்டாரோடு போனில் பேசிக்கொண்டிருந்ததை அன்று பார்த்தேன். அத்தனை வருடம் எங்கள் டெலிவரி தேதிகளைக் காப்பாற்றியது அவர்களுடைய கடன்தான் என்பது அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

சிலர் வேலையை விட்டுப் போனார்கள், பயந்த அளவுக்கு இல்லை. ஓவர்டைம் குறைந்ததும் ஆள் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டி வந்தது. இப்போது ஆள் எடுக்கும் செலவு முழுவதையும் நாங்களே கட்டுகிறோம், ஏஜெண்டின் பில்லில் பூஜ்யம் இருந்தால் அதைத் திருப்பி அனுப்புகிறோம். தயாரிப்புச் செலவு கூடியிருக்கிறது. எங்களைத் திருத்தச் சொன்ன அதே நிறுவனத்திடம் விலையைக் கொஞ்சம் ஏற்றிக் கேட்டோம். முடியாது என்றார்கள். திருப்பிக் கொடுத்ததில் ஒரு பங்கையாவது ஏற்றுக்கொள்ளுங்கள் என்றும் கேட்டோம், அதற்குப் பதிலே இல்லை. எங்கள் தவறை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் குறைந்த விலையால் பல வருடம் லாபம் பார்த்தவர்கள், அறிக்கை ஒன்றை அனுப்பிவிட்டுக் கை கழுவிக்கொள்வது நியாயமில்லை.

வேலையை விட்டு ஊர் திரும்பியவர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் முடிவு. கடனை அடைக்க முடியாமல் போனவர்கள் அவர்களில்தான் அதிகம். பழைய போன் எண்கள் வேலை செய்யவில்லை. கூட வேலை செய்தவர்கள் தங்கள் ஊர்க்காரர்களிடம் விசாரித்து, வாட்ஸ்அப் குழுக்களில் கேட்டு, ஒவ்வொருவராகக் கண்டுபிடித்துத் தந்தார்கள். ஒருவர் இறந்து போயிருந்தார், அவர் மனைவியின் கணக்கில் போட்டோம். இன்னும் 23 பேர் கிடைக்கவில்லை. அவர்களுடைய தொகை தனிக் கணக்கில் இருக்கிறது. பெயர்ப் பட்டியலை என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறேன். போன வாரம் 24ஆக இருந்தது.