கல்பாத்தியின் ஓட்டுக்கூரையும் ஆற்றுப் படியும்

முதலில் ஆட்டோ விவகாரத்தைக் கொட்டிவிடுகிறேன், இன்னும் மனசு ஆறவில்லை. பாலக்காடு ஜங்ஷனில் இறங்கி ஆற்றங்கரை அக்ரகாரமான கல்பாத்தியின் பெயரைச் சொன்னதும் ஆட்டோக்காரர் 150 ரூபாய் கேட்டார். தூரம் ஏறத்தாழ 3 கி.மீ. கேரள அரசு 2022 மே மாதம் நிர்ணயித்த கட்டணம், முதல் 1.5 கி.மீ.க்கு 30 ரூபாய், அதற்குமேல் கி.மீ.க்கு 15. "53 ரூபாய்க்கு மேல் வராதே சேட்டா" என்றேன். காதிலேயே வாங்கிக்கொள்ளவில்லை. பேசிப் பேசி 100க்கு இறங்கினார். கோவையிலிருந்து வந்த பாசஞ்சர் டிக்கெட்டைப்போல் பல மடங்கு! திரும்பும்போது 10 ரூபாயில் டவுன் பஸ். நீங்கள் போகும்போதே பஸ்ஸில் போய்விடுங்கள்.

விசுவநாத சுவாமி கோயிலுக்குத் தெருவிலிருந்து படி இறங்க வேண்டும். அதையும் தாண்டி இறங்கினால் ஆறு. காசியிலிருந்து லிங்கம் கொண்டுவந்து லட்சுமி அம்மாள் என்பவர் 1425 வாக்கில் இந்தக் கோயில் எழக் காரணமானார் என்கிறார்கள். "காசியில் பாதி கல்பாத்தி" என்ற சொலவடை அந்தப் படித்துறையில் நின்றால் புரியும். வாளையாறு, கோரையாறு, மலம்புழை மூன்றின் தண்ணீரும் இங்கே ஓடிப் பறளியில் கண்ணாடிப்புழையோடு சேர்ந்து பாரதப்புழையாகிறது. ரயிலில் வாளையாற்றைத் தாண்டி வந்த எனக்கு, அந்தத் தண்ணீரும் இதில் கலந்திருக்கிறது என்ற நினைப்பே சந்தோஷமாக இருந்தது.

கடைசிப் படிகளில் ஒரு கல் நடுவில் குழிந்திருந்தது. உள்ளங்கை அகலம், ஓரமெல்லாம் வழவழப்பு. உளி பட்ட அடையாளமே இல்லை. எத்தனை தலைமுறைக் குதிகால் அங்கே பட்டிருக்கும்! குழியில் தேங்கிய தண்ணீரில் ஒரு மைனா குளித்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் கல்லில் சோப்பு வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது.

அங்கிருந்து அக்ரகாரத் தெருவுக்கு ஏறினேன். கேரளத்தின் முதல் பாரம்பரியக் கிராமம் என்று அறிவிக்கப்பட்ட இடம். வருகிறவர்கள் கோயிலையும் தேரையும் போட்டோ எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து கூரையைப் பாருங்கள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் சந்து கிடையாது, சுவர் பொது. கூரையின் உச்சி தெருவோடு இணையாக ஓடுகிறது. சரிவு தெருப்பக்கம் ஒன்று, கொல்லைப்பக்கம் ஒன்று. பல வீடுகளின் இறவாணம், அதாவது கூரையின் கீழ் விளிம்பு, ஒரே நூல் பிடித்ததுபோல் நீள்கிறது.

அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்ற என்னைத் திண்ணையிலிருந்த மாமி ஒருவர் கூப்பிட்டார்.

"எவடேந்து வறேள்? என்னத்தை இப்படி நோக்கிண்டிருக்கேள்?"

கூரையை என்றேன்.

"மழைத் தண்ணி தெருவுக்குப் போகணும், இல்லாட்டா கொல்லைக்குப் போகணும். அடுத்தாத்துக்குப் போகப்படாது. அதுக்குத்தான் இப்படி."

உள்ளே வந்து பார்க்கச் சொன்னார். ரேழி, கூடம், அடுக்களை என்று ரயில் பெட்டிபோல் நீளும் வீடு. பக்கச் சுவர்களில் ஜன்னலுக்கு வழியே இல்லை, அதனால்தான் நடுவில் முற்றம். முற்றத்து வெளிச்சமும் எட்டாத மூலைக்கு ஓடுகளுக்கு நடுவே ஒரு கண்ணாடி ஓடு. அதன் வழியே விழுந்த வெயில் காவித் தரையில் சதுரமாக நின்றது. வாசலில் திண்ணையின் ஒரு முனை தலை சாய்க்கத் தோதாகச் சரித்துக் கட்டப்பட்டிருக்கிறது, தலையணையே வேண்டாம். நிலைப்படிக்குப் பக்கத்து மாடக்குழியில் விளக்குக் கரி தோல்போல் படிந்திருந்தது. தொட்டேன், எண்ணெய்ப் பிசுக்கு.

அடுத்த வீட்டைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. ஓட்டைப் பிரித்துத் தட்டையாகக் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். பைக் ஏற்ற வசதியாகத் திண்ணையில் பாதியை வெட்டிச் சரிவு வைத்திருக்கிறார்கள். மாடித் தண்ணீர் இறங்கும் பிளாஸ்டிக் குழாயின் வாய் மாமி வீட்டுத் திண்ணைப் பக்கம் திரும்பியிருக்கிறது. விழுந்து விழுந்து அங்கே காவிப் பூச்சு உரிந்து செங்கல் தெரிகிறது. வீடு அவர்களுடையது, மாற்றிக்கொள்ள உரிமை உண்டு. ஆனால் அந்தக் குழாயை ஒரு முழம் தெருப்பக்கம் தள்ளி வைக்க என்ன செலவு ஆகியிருக்கும்? மாமி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் பொருமிக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது ஒரு பாக்கெட் மிளகாய்க் கொண்டாட்டம் வாங்கினேன். வற்றலுக்கு இங்கே கொண்டாட்டம் என்று பெயர். ஆட்டோவுக்கு 100 அழாமல் இருந்திருந்தால் அரிசிக் கொண்டாட்டமும் வாங்கியிருப்பேன்.

நவம்பர் தேருக்கு வரச்சொல்லி எல்லோரும் கூப்பிடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் கூரையை நின்று பார்க்க முடியாது. நான் ஜூனில், இடவப்பாதி என்று இங்கே சொல்லும் தென்மேற்குப் பருவமழையில் வரப்போகிறேன். அந்த இறவாண வரிசை முழுக்க ஒரே நேரத்தில் தண்ணீர் விழுவதை மாமி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கேட்டுவிட்டேன், "வாங்கோ" என்றார்.