வாக்கு அவங்களோடது, பாய்லர் எங்களோடது

போன வாரம் ராத்திரி ஒம்பதரை மணி வரைக்கும் ஆபீஸ்ல ஒக்காந்து ஒரு எக்ஸல் ஷீட் நிரப்பிட்டு இருந்தேன். திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில வேலை, முன்னாடி மெர்ச்சண்டைசரா இருந்தேன், இப்ப மூணு வருசமா காம்ப்ளயன்ஸ், அதாவது பையர் கேக்கற ஆடிட், சர்டிபிகேட் எல்லாத்துக்கும் பதில் சொல்றது என் வேலை. அந்த ஷீட் எங்க கார்பன் கணக்கு, அதாவது எங்க வேலைனால எவ்வளவு கார்பன் காத்துல கலக்குதுன்ற கணக்கு. மாசம் எத்தன யூனிட் கரண்ட், ஜெனரேட்டருக்கு எத்தன லிட்டர் டீசல், பாய்லருக்கு எத்தன டன் விறகு, சாயத்துக்கு வெளிய குடுத்த துணி எத்தன கிலோ. ஷீட்டோட கடைசி கட்டத்துல 2030க்குள்ள எவ்வளவு குறைப்பீங்க, எப்படி குறைப்பீங்கனு ஒரு கேள்வி. அதுக்கு ஆகற செலவு யாரோடதுனு கேக்கற கட்டம் மட்டும் எங்கயும் இல்ல.

அந்த பையர் பேர எழுதல. ஒருத்தர் மட்டும் இப்படினு இருந்தா எழுதவே வேண்டியதில்ல, ஏறக்குறைய எல்லா பிராண்டும் ஒரே மாதிரிதான் கேக்கறாங்க.

விசயம் தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடறேன். கம்பெனிகளோட கார்பன் கணக்க மூணு ஸ்கோப்பா பிரிப்பாங்க, 2001ல வந்த ஜிஎச்ஜி புரோட்டோகால்னு ஒரு விதிமுறை, உலகம் பூரா அதுதான். சொந்த இடத்துல எரிக்கறது ஸ்கோப் 1, வாங்கற கரண்ட் ஸ்கோப் 2, மத்தது எல்லாம், அதாவது சரக்கு செய்யறவன், கொண்டு போறவன், வாங்கி உபயோகிக்கறவன் வரைக்கும், ஸ்கோப் 3. துணி விக்கற பிராண்டுக்கு சொந்தமா இருக்கறது கடையும் ஆபீஸும் குடோனும்தான். ஆகவே அவங்க கணக்குல ரொம்பப் பெரிய பங்கு ஸ்கோப் 3. அந்த ஸ்கோப் 3ல பெரும்பங்கு வேற ஒண்ணுமில்ல, எங்கள மாதிரி சரக்கு செய்யறவங்களோட ஸ்கோப் 1ம் 2ம்தான். பஞ்சுல இருந்து நூல், நூல்ல இருந்து துணி, அத 60 டிகிரி சுடுதண்ணில போட்டு சாயம் ஏத்தி, திரும்பத் திரும்ப அலசி, ஸ்டெண்டர்ன்ற மெஷின்ல காய வச்சு, அப்பறம் சுருங்காம இருக்க காம்பாக்டிங் பண்ணி, இதுல சூடு தேவைப்படாத இடம் கம்மி. ஒரு பிராண்டு "2030க்குள்ள பாதியா குறைக்கறோம்"னு மேடைல சொன்னா, அந்த பாதி குறைய வேண்டிய இடம் திருப்பூர், டாக்கா, சீனாவுல இருக்கற ஏதோ ஒரு சாயப்பட்டறை பாய்லர். எச் அண்ட் எம் 2019ஐ விட 2030க்குள்ள 56% குறைக்கறதா பகிரங்கமா சொல்லியிருக்காங்க, ஸ்கோப் 3யும் சேத்து. சேத்து சொன்னது நல்லதுதான், பல பேர் அத சொல்றதே இல்ல. எனக்கு இருக்கற கேள்வி வேற. ஒருத்தர் குடுக்கற வாக்க இன்னொருத்தர் காசுல நிறைவேத்தறது வாக்கா?

எங்க மாமா சாயப்பட்டறைல டையிங் மாஸ்டர். 2011 ஜனவரில சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ல 700க்கும் மேல இருந்த சாயப்பட்டறைகள மூடச் சொன்னப்ப அவர் பல மாசம் வீட்லதான் இருந்தார். கோர்ட்டு மேல எனக்கு கோவம் இல்ல, இப்பவும் இல்ல. நொய்யல் ஆறு அன்னைக்கு எந்த நிலமைல இருந்துச்சுனு பாத்தவங்களுக்கு தெரியும், விவசாயத்துக்குனு கட்டுன ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேக்கி வைக்கற தொட்டியா மாறிருச்சு, அந்த தண்ணிய நம்பி இருந்த விவசாயிங்க வருசக்கணக்கா கேஸ் நடத்துனாங்க, நியாயம் அவங்க பக்கம். அதுக்கப்பறம் ஒரு சொட்டு கழிவுநீர் கூட வெளிய விடக்கூடாதுன்ற விதிய நிறைவேத்தற பட்டறைங்களுக்கு மட்டும் அனுமதி. ஆர்.ஓ.ல வடிகட்டி, மிச்சம் நிக்கற உப்புத்தண்ணிய, நாங்க ரிஜெக்ட்னு சொல்லுவோம், எவாப்பரேட்டர்ல கொதிக்க வச்சு உப்ப தனியா பிரிக்கணும். தண்ணியும் திரும்ப கிடைக்குது, உப்பும் கிடைக்குது. ஆனா கொதிக்க வைக்க ஆவி வேணும், ஆவிக்கு விறகு வேணும், ஆர்.ஓ. பம்புக்கு கரண்ட் வேணும். மாமா அப்பவே சொன்னார், "ஆறு பொழைச்சுக்கும் மாப்ள, அதுக்கு பாய்லர் ராவும் பகலும் எரியணும்". அதாவது ஆத்த காப்பாத்துனதுனாலயே எங்க கிலோ துணிக்கு ஆகற எரிபொருள் கூடிருச்சு. சாயத்தண்ணிய ஆத்துல விடற ஏதோ ஒரு ஊரோட எங்கள வெறும் கார்பன் நம்பர்ல ஒப்பிட்டா நாங்க மோசமா தெரிவோம். நான் நிரப்பற ஷீட்ல நொய்யலுக்கு ஒரு கட்டம் கிடையாது.

காத்தாலை கதையும் இப்படித்தான். திருப்பூர்க்காரங்க பல பேர் நெட் ஜீரோ, அதாவது வெளிய விடற கார்பனையும் உறிஞ்சற கார்பனையும் சமன் பண்றது, அந்த வார்த்தை காதுல விழறதுக்கு ரொம்ப முன்னாடியே உடுமலை, தாராபுரம், ஆரல்வாய்மொழி பக்கம் காத்தாலை போட்டாங்க. பூமிய காப்பாத்தணும்னு போட்டாங்கனு நான் பொய் சொல்ல மாட்டேன், ஈபி பில் குறையும், வரில சலுகை கிடைக்கும், அதுக்குத்தான் போட்டாங்க. ஆனா காத்து காத்துதானே. நம்ம நாட்டு கிரிட்ல இருந்து ஒரு யூனிட் எடுத்தா சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு, ஆடி மாசத்துல காத்தாலை குடுக்கற யூனிட்டுக்கு கிட்டத்தட்ட ஒண்ணுமில்ல. இப்ப பிராண்டுங்க எவ்வளவு குறைஞ்சுதுனு ஒப்பிட்டுப் பாக்கற அடிப்படை வருசம்னு 2019ஐயோ 2021ஐயோ வச்சுக்கறாங்க. அந்த வருசத்துக்கு முன்னாடியே காத்துல ஓடிட்டு இருந்தவன் "இனிமே எவ்வளவு குறைப்ப"ன்ற கேள்விக்கு சின்ன நம்பர்தான் எழுத முடியும், 2022 வரைக்கும் நிலக்கரில ஓட்டிட்டு அதுக்கப்பறம் மாறுனவனுக்கு பெரிய நம்பர், நல்ல மார்க். முன்னாடியே செஞ்சவனுக்கு தண்டன மாதிரி இருக்கு.

விறகு பத்தியும் சொல்லணும், ஏன்னா இதுல எங்க பக்கமும் சுத்தம் இல்ல. சீமைக்கருவேலம், தென்னை மட்டை, முந்திரி தோடு எதுவா இருந்தாலும் மரஞ்செடில இருந்து வந்தா அதோட கார்பன் டை ஆக்சைட ஸ்கோப் 1 மொத்தத்துல சேக்க மாட்டாங்க, தனியா ஒரு வரில காட்டுவாங்க. வெட்டுன மரம் திரும்ப முளைச்சா அந்த கார்பன உறிஞ்சிக்கும்ன்றது காரணம், அதுல அர்த்தம் இருக்கு. ஆனா முளைச்சுதானு யார் போய் பாக்கறது? லாரில வந்து எறங்கற விறகு எந்த ஊர் காட்டுல இருந்து வந்துச்சுனு பில்லுல இருக்காது. சப்ளையர்கிட்ட ஒரு கடுதாசி வாங்கி பைல்ல போடறேன், ஷீட்ல கிட்டத்தட்ட சைபர்னு விழுகுது, பிராண்டோட ரிப்போர்ட்ல அது ஒரு அழகான இறங்கு கோடா மாறுது. அந்த கோட்ட பாக்கறப்ப எல்லாம் எனக்கு மனசு உறுத்தும், நான் கையெழுத்து போட்ட நம்பர் அது.

இத விட என்ன ரொம்ப பாதிச்சது போன வருசம் ஒரு டிரெயினிங்ல தெரிஞ்சுகிட்டது. சப்ளையர்கிட்ட நேரடி கணக்கு இல்லேன்னா கம்பெனிங்க ஸ்கோப் 3ய செலவ வச்சு கணக்கு போடலாம். இத்தன டாலருக்கு துணி வாங்குனோம், ஒரு டாலர் துணிக்கு சராசரியா இவ்வளவு கார்பன், ரெண்டையும் பெருக்கு, முடிஞ்சுது. விதிப்படி இதுக்கு அனுமதி உண்டு, துல்லியம் கம்மினு அவங்களே சொல்றாங்க. இப்ப யோசிங்க. அதே டி-ஷர்ட், அதே பாய்லர், அதே விறகு. பையர் ரேட்ட 10% குறைச்சு வாங்கினா அவங்க பேப்பர்ல கார்பனும் 10% குறையும்! இங்க ஒரு கிராம் புகை கூட குறையல, ஒரு டெய்லர் அக்காவோட ஓவர்டைம் காசு குறைஞ்சிருக்கும், அவ்வளவுதான். எல்லாரும் வேணும்னே இப்படி பண்றாங்கனு நான் சொல்லல. ஆனா ஒரு கணக்கு முறை இப்படி காட்டும்னு தெரிஞ்சும் அத வச்சு வெளிய பெருமை பேசினா அது தப்பு, தெரியாம நடந்துச்சுனு அப்பறம் சொல்ல முடியாது.

ரேட்டுனு வந்ததால சொல்றேன், 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா இந்திய சரக்கு மேல 50% வரி போட்டப்ப என்ன நடந்துச்சுனு ஊர்ல எல்லாருக்கும் தெரியும். ஓடிட்டு இருந்த ஆர்டருக்கே டிஸ்கவுண்ட் கேட்டாங்க. ஒரே பையர் ஆபீஸ், திங்கக்கிழமை பர்ச்சேஸ் டீம்ல இருந்து ரேட் குறைங்கனு மெயில், புதன்கிழமை சஸ்டெயினபிலிட்டி டீம்ல இருந்து சோலார் போடற பிளான் அனுப்புங்கனு மெயில். ரெண்டு பேரும் நல்ல மனுசங்க, ரெண்டாவது மெயில் போட்ட பொண்ணுகிட்ட பேசினா நிஜமாவே அக்கறையாதான் பேசும். ஆனா அந்த பொண்ணுக்கு ரேட் மேல எந்த அதிகாரமும் இல்ல, பர்ச்சேஸ்காரருக்கு கார்பன் டார்கெட்னு எதுவும் இல்ல. ஒரு கம்பெனி தன் வாக்க எவ்வளவு மதிக்குதுனு தெரிஞ்சுக்க அதோட ரிப்போர்ட்ட படிக்க வேண்டாம், பர்ச்சேஸ் டீம் என்ன ரேட் கேக்குதுனு பாத்தா போதும்.

வாக்கு கைவிடறது எப்படி நடக்கும்ன்றதுக்கு பெரிய உதாரணம் பிபி. மக்கள பாத்து "உங்க கார்பன் தடம் எவ்வளவு"னு கேக்கற பழக்கத்த 2000க்கு அப்பறம் விளம்பரம் போட்டு பரப்புன எண்ணெய் கம்பெனி. 2020ல, 2030க்குள்ள எண்ணெய் எரிவாயு உற்பத்திய 40% குறைக்கறோம்னு சொன்னாங்க, ஒரு பெரிய எண்ணெய் கம்பெனி உற்பத்தியவே குறைக்கறோம்னு சொன்னது சாதாரண விசயம் இல்ல, நானும் அன்னைக்கு சந்தோசப்பட்டவன்தான். 2023 பிப்ரவரில அது 25% ஆச்சு. 2025 பிப்ரவரில அதுவும் போச்சு, எண்ணெய் எரிவாயுக்கு வருசத்துக்கு 1,000 கோடி டாலர் போடப்போறோம்னு அறிவிச்சாங்க. 2020ல மேடைல நின்னு சொன்ன தலைவர் அப்ப பதவிலயே இல்ல. 2050க்குனு வாக்கு குடுக்கறவங்க யாரும் 2050ல அந்த நாற்காலில இருக்கப் போறதில்ல, பாராட்டு சொன்ன அன்னைக்கே வந்துருது. 2024 மார்ச்ல எஸ்பிடிஐன்ற அமைப்பு, கம்பெனிங்களோட கார்பன் டார்கெட்ட சரிபாக்கறவங்க, டார்கெட்ட சொன்ன கெடுவுக்குள்ள சமர்ப்பிக்காத 200க்கும் மேல கம்பெனிகளோட வாக்குறுதிய தன் லிஸ்ட்ல நீக்குனதா காட்டுச்சு, வால்மார்ட், யூனிலீவர் மாதிரி பேருங்க கூட அதுல இருந்துச்சு. அதனால எந்த கடைலயும் சட்டை விக்காம போகல. 2011ல எங்க ஊர் பட்டறைங்க வாக்கு மீறுனப்ப கோர்ட்டு கரண்ட்டயே கட் பண்ணச் சொல்லுச்சு. எங்களுக்கு சட்டம், அவங்களுக்கு லிஸ்ட்.

டார்கெட்டே வேண்டாம்னு நான் சொல்லல. வெயில் எப்படி ஏறுதுனு மே மாசத்துல தகரக் கூரைக்கு கீழ அயர்னிங் டேபிள்ல நிக்கறவங்கள விட யாருக்கும் நல்லா தெரியாது. பாய்லர் மாறணும், விறகு எங்க இருந்து வருதுனு தெரியணும், எங்க மொதலாளியும் செய்ய தயாராதான் இருக்கார். பேங்குல லோன் கேட்டா அவங்க கேக்கற மொத கேள்வி, அடுத்த மூணு வருசத்துக்கு ஆர்டர் இருக்கா? எங்க கைல இருக்கறது அடுத்த சீசன் ஆர்டர் மட்டும்தான், அதுக்கும் பணம் வர 90 நாள்.

அன்னைக்கு ராத்திரி ஷீட்ட முடிச்சுட்டு ரிமார்க்ஸ்ல நாலு வரி எழுதுனேன், மொதலாளிகிட்ட கேட்டுட்டுதான். பாய்லர மாத்தறோம், மூணு வருசத்துக்கு குறைஞ்சபட்சம் இத்தன பீஸ்னு எழுத்துல குடுங்க, பீஸ் ரேட்ல அதுக்குனு தனியா ஒரு வரி போடுங்க, குறையற கார்பன நீங்க உங்க கணக்குல காட்டிக்கங்க, எங்களுக்கு ஆட்சேபணை இல்ல. பர்ச்சேஸ் டீமுக்கும் மெயில் காப்பி போட்டு அனுப்பிட்டேன். வெள்ளிக்கிழமை ஒரு போன் கால் வச்சிருக்காங்க, ரெண்டு டீமும் ஒண்ணா ஒக்காந்து எங்ககிட்ட பேசப்போறது இதான் மொத தடவ. என்ன சொன்னாங்கனு அடுத்த போஸ்ட்ல எழுதறேன்.