ஸ்ட்ராட் வகை கிட்டாரில் பிரிட்ஜ் மாற்றிச் சீரமைத்த அனுபவம்

என்னிடம் உள்ள விலை குறைந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை எலெக்ட்ரிக் கிட்டாரின் பிரிட்ஜை, அதாவது உடலின்மேல் தந்திகளைத் தாங்கும் உலோக அமைப்பை, மாற்றுவதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. கடலோரக் காற்றும் கை வியர்வையும் சேர்ந்து, பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியையும் தாங்கும் சேடில்களின் உயரத் திருகுகளைத் துருப்பிடிக்க வைத்துவிட்டன. சிலவற்றில் ஆலன் கீ நுழையும் அறுகோணத் துளையே தேய்ந்து வட்டமாகிவிட்டதால் கீ பிடிக்காமல் வழுக்கியது. இரண்டாவது காரணம் இன்னும் தொல்லையானது. பிரிட்ஜை அசைத்துச் சுருதியை மாற்றும் கம்பியான ட்ரெமலோ பாரை ஒரு முறை அழுத்தி விட்டால் தந்திகள் பழைய சுருதிக்குத் திரும்பவில்லை. பிரிட்ஜைக் கழற்றி அதன் முன்விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, பிரிட்ஜை உடலோடு பிணைக்கும் ஆறு திருகுகளும் உராயும் இடங்களில் அதன் அடித்தகடு தேய்ந்து, பள்ளங்களின் ஓரம் பிசிறு தட்டியிருந்தது தெரிந்தது. அந்தப் பிசிறில் மாட்டிக்கொள்ளும் தகடு ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் வந்து நின்றதில் வியப்பில்லை.

1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வெளிவந்தபோது லியோ ஃபென்டர் அதில் அமைத்த ஏற்பாடு இன்றும் அடிப்படையில் மாறவில்லை. மேலே ஆறு தந்திகள் தகட்டை நெக் பக்கம் இழுக்கின்றன. தகட்டின் கீழே தொங்கும் கனமான உலோகக் கட்டையை, உடலின் பின்குழியில் உள்ள ஸ்பிரிங்குகள் எதிர்த்து இழுக்கின்றன. இது ஒரு தராசு. 9 முதல் 42 வரையிலான (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில்) மெல்லிய தந்திகளை வழக்கமான சுருதியில் வைத்தால் அவற்றின் மொத்த இழுவிசை சுமார் 38 கிலோ. ஸ்பிரிங்குகளும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். எந்தத் தந்தியின் சுருதியை மாற்றினாலும் மற்ற ஐந்தின் சுருதியும் அசைவது இதனால்தான்.

புதிய பிரிட்ஜ் வாங்கும்முன் அளவெடுப்பதில்தான் அதிகப் பொறுமை தேவைப்பட்டது. எல்லா ஸ்ட்ராட் பிரிட்ஜும் எல்லா ஸ்ட்ராட்டுக்கும் பொருந்தும் என்பது பரவலான எண்ணம்; அது உண்மையல்ல. முன்வரிசைத் திருகுகளில் முதலாவதன் மையத்திலிருந்து ஆறாவதன் மையம் வரை, பழைய அமெரிக்க முறையில் சுமார் 56 மி.மீ. இருக்கும், பல ஆசியத் தயாரிப்புகளில் 52.5 மி.மீ. மட்டுமே. ஏறக்குறைய 4 மி.மீ. வேறுபாட்டை அலட்சியப்படுத்தினால் திருகுத் துளைகள் பொருந்தா. துளைகளை அடைத்து மாற்றிப் போட்டாலும் ஓரத் தந்திகள் ஃப்ரெட்டின் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) விளிம்பிலிருந்து நழுவும். என் கிட்டாரில் வெர்னியர் காலிப்பர் 52.5 காட்டியது. கட்டையின் ஆழத்தையும் பார்க்க வேண்டும். முழுத் தடிமனுள்ள உடல் 44 மி.மீ.க்குச் சற்று மேல் இருக்கும். என்னுடையது 40 மி.மீ.தான் என்பதால், முழு நீளக் கட்டையைப் போட்டால் அது பின்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். ஆகவே 36 மி.மீ. ஆழமுள்ள எஃகுக் கட்டையோடு வந்த பிரிட்ஜைத் தேர்ந்தெடுத்தேன். பாரின் மரையும் 5 மி.மீ., 6 மி.மீ. எனப் பலவாறாக இருப்பதால், பாரையும் சேர்த்தே வாங்குவது நல்லது.

பொருத்தும் வேலை எளிது. தளர்ந்திருந்த இரண்டு திருகுத் துளைகளில் மரப்பசை தடவிய பல்குத்தும் குச்சிகளைச் செருகி, உலர்ந்தபின் சமன்செய்தேன். ஸ்பிரிங்குகளின் மறுமுனையைப் பிடித்திருக்கும் கொக்கித் தகட்டில் எர்த் கம்பி சால்டர் செய்யப்பட்டிருக்கும்; அந்தத் தகட்டை அப்படியே விட்டுவிட்டதால் சால்டரிங் தேவைப்படவில்லை. முன்வரிசைத் திருகுகள் ஆறையும் இறுக்கிவிடுவது தவறு. தகடு உடலோடு படிந்திருக்கும் நிலையில் ஆறையும் அதன் மேற்பரப்பிலிருந்து 1.6 மி.மீ. உயரத்தில் நிறுத்திவிட்டு, வெளி ஓரத்துத் திருகுகள் இரண்டை மட்டும் தகட்டைத் தொடும்வரை இறக்கினேன். அந்த இரண்டில்தான் தகடு ஆடும். நடுவிலுள்ள நான்கும் அது விலகாமல் காவல் காக்கும்.

ஃபென்டர் நிறுவனம் பரிந்துரைக்கும் மிதக்கும் நிலையில், சுருதி சேர்த்தபின் தகட்டின் பின்விளிம்புக்கும் உடலுக்கும் 3.2 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். அந்தத் தடிமனில் ஒரு மரத்துண்டைப் பின்விளிம்பின் அடியில் வைத்துச் சுருதி சேர்த்து, பின்குழியில் கொக்கித் தகட்டின் இரு திருகுகளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக்கொண்டே வந்தால், மரத்துண்டு தானாகக் கழன்று வரும் கட்டத்தில் சமநிலை கிடைத்துவிடுகிறது. இந்த உபாயம் இல்லாவிட்டால் சுருதி சேர்ப்பதும் திருகு முறுக்குவதும் மாறிமாறி நீண்டுகொண்டே போகும்.

ஆனால் மிதக்கும் நிலை என் வாசிப்புக்கு ஒத்துவரவில்லை. நான் ராகங்களை வாசிக்கும்போது கீழ்த்தந்திகளைச் சுருதிக்காகத் திறந்து மீட்டிவிட்டு, மேல்தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்பேன். மிதக்கும் பிரிட்ஜில் ஒரு தந்தியை இழுத்தால் தகடு சற்று முன்னே சாய்கிறது. ஆதார சட்ஜமே இறங்கிவிடுகிறது. ராக் வாசிப்பவர்களுக்கு இது பெரிய குறையாகத் தோன்றாமல் போகலாம், எனக்கு இது சகிக்க முடியாதது. எனவே ஸ்பிரிங்குகளை மூன்றிலிருந்து நான்காக்கி, கொக்கித் திருகுகளை இறுக்கி, தகட்டை உடலோடு படியவைத்தேன். பாரை இனி கீழ்நோக்கி மட்டுமே அழுத்த முடியும்; அந்த இழப்பு எனக்குப் பொருட்டல்ல.

தகடு படிந்ததும் சேடில்கள் தாழ்ந்து, தந்திகள் ஃப்ரெட்டில் அதிரத் தொடங்கின. இங்கே வரிசை முக்கியம்: முதலில் நெக்கின் வளைவு, பிறகு உயரம், கடைசியில்தான் இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக ஒலிக்கச் செய்வது). முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் தந்தியை அழுத்திக்கொண்டு எட்டாவது ஃப்ரெட்டில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் நுழைத்தபோது 0.25 மி.மீ. இருந்தது, நெக்கின் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடைத் தொட வேண்டியிருக்கவில்லை. சேடில்களைப் பதினேழாவது ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் இடையே 1.6 மி.மீ. வரும்படி உயர்த்தினேன். 9.5 அங்குல ஆரம் கொண்ட ஃப்ரெட்போர்டு என்பதால், 241 மி.மீ. ஆரத்தில் கெட்டி அட்டை ஒன்றை வெட்டித் தந்திகளின் அடியில் வைத்து ஒப்பிட்டேன்.

இன்டொனேஷனுக்குப் புதுத் தந்திகள் அவசியம். தேய்ந்த தந்தி, சுருதி காட்டும் கருவியான டியூனர் எதையும் ஏமாற்றும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேல் விரலை மெல்லத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும், அதே ஃப்ரெட்டை அழுத்தி எழுப்பும் ஸ்வரத்தையும் ஒப்பிட வேண்டும். அழுத்திய ஸ்வரம் கூடினால் சேடிலைப் பின்னுக்கும், குறைந்தால் நெக் பக்கமாகவும் நகர்த்த வேண்டும். 648 மி.மீ. நீளமுள்ள தந்தியில் சேடிலை 1 மி.மீ. நகர்த்தினால் ஏறத்தாழ 2.7 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்கு) திருந்தும் எனக் கணக்கிட்டு வைத்துக்கொண்டதால் தடவிப் பார்க்கும் வேலை குறைந்தது. தடித்த ஈ தந்தி 8 சென்ட் கூடியிருந்தது, 3 மி.மீ. பின்னுக்கு இழுத்ததும் முள் நடுவில் நின்றது. தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பிக்கப் மிக உயரமாக இருந்தால் அதன் காந்தம் தந்தியை இழுத்து முள்ளை நிலையில்லாமல் அலையவைக்கும் என்பதால், பிக்கப்புகளை முன்பே சற்று இறக்கியிருந்தேன்.

எஃகுக் கட்டை நாதத்தை நீட்டிக்கும் என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. ஆம்ப்ளிஃபயரில் எனக்கு வேறுபாடு கேட்கவில்லை. சுருதி நிலைப்பதில் மட்டும் மாற்றம் தெளிவாகத் தெரிகிறது: பாரை அழுத்தி விட்டபின் ஐந்து தந்திகள் இடம் திரும்புகின்றன. ஜி தந்தி மட்டும் இன்னும் சில சென்ட் கூடி நிற்கிறது. நெக்கின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் நட்டின் பள்ளத்தில் பென்சில் கரி தடவியபோது அது பாதியாகக் குறைந்தது என்பதால், குற்றம் நட்டில்தான் இருக்க வேண்டும். அந்தப் பள்ளத்தைச் சற்று அகலப்படுத்த மெல்லிய அரம் ஒன்று வாங்க வேண்டியிருக்கிறது.