டாக்டர் சொன்ன கிரைண்டிங்கும் அப்பத்தா வீட்டு அம்மியும்

போன வாரம் காரைக்குடில பல் டாக்டர்கிட்ட போயிருந்தேன். காலைல எந்திரிச்சா கடவாப்பல்லுல ஒரே கூச்சம், தாடையெல்லாம் யாரோ அறைஞ்ச மாதிரி வலி. வாய்க்குள்ள லைட் அடிச்சுப் பாத்துட்டு, "ராத்திரில கிரைண்டிங் பண்றீங்க சார்"னாரு. கூட வந்த அப்பத்தா உடனே, "இல்ல தம்பி, எங்க வீட்ல மாவு காலைலதான் ஆட்டுறது"ன்னுச்சு. டாக்டர் சிரிப்ப மாஸ்குக்குள்ள மறைச்சுக்கிட்டாரு.

தூக்கத்துல பல்ல நறநறன்னு கடிக்கிறதாம், பிரக்ஸிஸம்னு பேரு. நமக்கே தெரியாம நடக்கும், டென்ஷன் இருந்தா கூடும். பல்லு மேல இருக்கிற எனாமல்தான் உடம்புலயே கெட்டியான சரக்கு, எலும்பெல்லாம் அதுக்கு அப்புறம்தான், ஆனா பல்லு முளைச்சதோட எனாமல உண்டாக்குற செல்லெல்லாம் போயிடும், அதனால தேஞ்சது தேஞ்சதுதான்.

அப்புறம் பாருங்க கூத்த. போன மாசம் அடைச்ச பல்லு கொஞ்சம் தூக்கலா இருக்குன்னு ஒரு நீலப் பேப்பர வச்சு "டக்கு டக்குன்னு கடிங்க"ன்னாரு, பல்லுல நீலப்பொட்டு விழுந்த எடத்தப் பாத்து "லேசா கிரைண்ட் பண்ணி விடுறேன்"னாரு. அடப்பாவி, வியாதியும் கிரைண்டிங், வைத்தியமும் கிரைண்டிங்கா! அந்த மெஷின் நிமிஷத்துக்கு 3 லட்சம் சுத்துக்கு மேல சுத்துமாம், சூடு ஏறாம இருக்கத்தான் தண்ணிய பீச்சிக்கிட்டே இருக்கு.

நம்ம வீட்ல இப்படி ஒத்த வார்த்தைய வச்சு ஒப்பேத்த முடியாது. துவையல அம்மில அரைப்போம், மாவ ஆட்டுவோம், திருகைல பயற உடைப்போம், சந்தனத்த இழைப்போம், அருவாளுக்குச் சாணை பிடிப்போம். ஆழாக்கு நிறைய பச்சரிசி, அதுமேலயே கோபுரமா உளுந்து, ஊறவச்சு ஆட்டுனா வெள்ளைப் பணியாரம், மாவு மழமழன்னு வரலைன்னா அப்பத்தா மறுபடி ஆட்டச் சொல்லும். அண்ணன் பையன் கேம்ல ஒரே பூதத்த நூறு தடவ கொன்னு லெவல் ஏத்துறதுக்கும் கிரைண்டிங்னுதான் பேராம், அதுக்கு நம்ம ஊர்ல அரைச்ச மாவையே அரைக்கிறதும்பாங்க.

கடவாப்பல்லுக்கு இங்கிலீஷ்ல இருக்கிற மோலார்ங்கிற பேரே லத்தீன்ல மாவரைக்கிற கல்லுல இருந்து வந்ததுதான். கல்லுன்னா தேயத்தானே செய்யும்? எங்க அம்மி தேஞ்சு வழுவழுன்னு ஆயிட்டா மிளகா நழுவி ஓடும். அப்போ தெருவுல "அம்மி கொத்தலையோ"ன்னு ஒருத்தர் வருவாரு, முகப்புல உக்காந்து உளிய வச்சு புள்ளி புள்ளியா கொத்திட்டுப் போவாரு, அப்பத்தா மொதல்ல தவிட அரைச்சு வழிச்சுக் கொட்டிட்டுத்தான் (கல்லுப்பொடி போகணும்ல) மிளகாயே வைக்கும். பல்லு கொத்த யாரும் வரமாட்டாங்க.

அதுக்குத்தான் நைட் கார்டுன்னு ராத்திரில பல்லு மேல மாட்டிக்கிற உறை ஒண்ணு, அளவெடுத்து செஞ்சு குடுத்திருக்காரு. கடிக்கிறது நிக்காதாம், பல்லுக்குப் பதிலா அது தேயுமாம். மாட்டிக்கிட்டா "பழம்"னு கூட சொல்ல வரல. அப்பத்தாவுக்கு இதுல எதுலயும் நம்பிக்கை இல்ல, "வயித்துல பூச்சி இருந்தா பல்லக் கடிக்கத்தான்டா செய்யும்"னு மருந்துக்கடைல பூச்சி மாத்திரை வாங்கி டேபிள்ல வச்சிருந்துச்சு. பூச்சிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு டாக்டர் சொன்னத நான் சொல்லிப் பாத்தேன். கேக்கல. மாத்திரையையும் முழுங்கிட்டு, கார்டையும் மாட்டிக்கிட்டுப் படுத்தேன்.