எலும்பு சொன்ன சாட்சி

அசுசேனா வில்லாஃப்ளோர் நினைவாகவே இருக்கிறது. காணாமல் போன மகனைத் தேடி, அர்ஜென்டினாவில் பிளாசா டி மாயோ சதுக்கத்தின் பெயரால் அழைக்கப்படும் அன்னையர் இயக்கத்தைத் தொடங்கியவர். 1977 டிசம்பரில் ராணுவ ஆட்சியினர் அவரையே கடத்திக்கொண்டு போனார்கள். கடலோரம் ஒதுங்கிய உடல், பெயரில்லாத பிணமாகப் புதைக்கப்பட்டது.

1984இல் அமெரிக்க நிபுணர் கிளைட் ஸ்நோ அர்ஜென்டினா மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்து உருவான, எலும்புகளை ஆராய்ந்து இறந்தவரை அடையாளம் காணும் தடயவியல் மானுடவியல் குழுதான் பின்னாளில் அந்தக் குழியைத் தோண்டியது. 2005இல் டிஎன்ஏ அவர்தான் என்றது. எலும்பு முறிவுகள் இன்னொன்றையும் சொல்லின: உயரத்திலிருந்து விழுந்தவருக்கு ஏற்படுபவை அவை. விமானத்திலிருந்து கடலில் தள்ளியிருக்கிறார்கள். எப்பேர்ப்பட்ட கொடுமை!

அப்புறம் அவர் அஸ்தியை, மகன் எங்கே என்று கேட்டு நடந்த அதே சதுக்கத்தில் புதைத்தார்கள்.